கைப்பிடி நெல்

தை பிறந்து பத்து நாள் ஆனால் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சாலையோரம் நெல் காய்ந்துகொண்டிருக்கும். பாதிச் சாலை வண்டிக்கு, பாதிச் சாலை நெல்லுக்கு. கொள்முதல் நிலையத்து வாசலில் குவியலைத் தார்ப்பாயால் மூடிவிட்டுக் கொசுக்கடியில் அங்கேயே படுத்துக் கிடப்பவர்கள் உண்டு. முறை வந்ததும் நடப்பது சின்னக் காரியம்தான். பணியாளர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். கருவியில் போட்டு ஈரப்பதம் பார்ப்பார். 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மிச்சத்தை உள்ளங்கையில் பரப்பி ஊதி, பதர் எவ்வளவு, கருக்காய் எவ்வளவு என்று கண்ணால் அளப்பார். ஐந்து மாதப் பாடு அந்த ஒரு பிடியில் தீர்ந்துவிடும்.

போன வருஷம் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், அந்தக் கை குவியலின் மேற்பரப்பைத் தொட்டதுமே குரல் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் உள்ள விட்டு அள்ளுங்க தம்பி. மேல இருக்கறது பனி."

பணியாளர் ஒன்றும் சொல்லாமல் முழங்கைவரை விட்டு அள்ளினார். நெல் தேறியது.

அந்த நாள்களில் இரவில் நான் படித்துக்கொண்டிருந்தவை விடுவிப்பு ஆணைகள் பற்றிய தீர்ப்புகள். குற்ற வழக்கில் சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே, இந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு இவரை விசாரிக்கவே முகாந்திரம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடும் ஆணை. அப்படி அனுப்பியது சரியா என்று மேல் நீதிமன்றம் பார்க்கிறதே, அதைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் படித்தும் பிடிபடாத ஒன்று அந்தப் பெரியவர் வாயிலிருந்து வந்துவிட்டது. மேல் நீதிமன்றம் நெல்லை மறுபடி அளக்க வருவதில்லை. கை எவ்வளவு ஆழம் போனது என்று பார்க்க வருகிறது.

என் அப்பா வக்கீல் குமாஸ்தா. அவருக்கு இரண்டு கட்டுகள். விடிகாலையில் கதிர்க்கட்டு, எட்டு மணி பஸ்ஸில் தஞ்சாவூருக்குப் போகும்போது கேஸ் கட்டு. இரண்டையும் ஒரே மாதிரி, கக்கத்தில் இடுக்கித்தான் தூக்குவார். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் கட்சிக்காரர்கள் வந்து உட்காருவார்கள். அவர்களில் ஒருவருடைய வழக்கை எனக்கு இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்ல முடியும்.

காவிரியில் தண்ணீர் வராத ஒரு வருஷம், குறுவை கருகிப்போய், ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். எங்கோ ஒரு பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. கண்ணாடி உடைந்தால் வழக்கு கனத்துவிடும். 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஐந்து வருஷம் வரை சிறை. இவர் அதில் 11ஆம் எதிரி. நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுதான் பெயர், எதிரி. யாருக்கு எதிரி என்று யாரும் கேட்பதில்லை. குற்றப்பத்திரிகையைப் பிரித்தால் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. எந்தச் சாட்சியின் வாக்குமூலத்திலும், அவர் கல்லெடுத்தார் என்றோ கூட இருந்து தூண்டினார் என்றோ ஒரு வரி இல்லை. வக்கீல் விடுவிப்பு மனு போட்டார். நடுவர் விடுவித்தார்.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். கண்ணாடி உடையாமல் வெறும் மறியலோடு போயிருந்தால் அவரால் அந்த மனுவைப் போட்டிருக்கவே முடியாது. இரண்டு வருஷமோ அதற்குக் குறைவோ தண்டனை உள்ள சம்மன் வழக்குகளுக்கு விடுவிப்பு என்ற வாசலைச் சட்டம் வைக்கவில்லை. பெரிய வழக்குக்கு அந்த வாசல் உண்டு. சின்ன வழக்குக்காரன் முழுச் சுற்றும் சுற்றித்தான் வர வேண்டும்.

அன்று திண்ணையில் நடந்த பேச்சு இது.

"அப்ப விட்டுட்டாங்களாண்ணே?"

"விடுவிச்சிருக்காங்க. விடுதலை இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணே?"

"விடுதலைன்னா சாட்சியெல்லாம் வந்து பேசி முடிச்ச பொறவு. இது, யாரும் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி."

"திரும்பக் கூப்பிடுவாங்களா?"

அப்பா கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "கூப்புடலாம்" என்றார்.

கூப்பிடலாம்தான். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பை 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 300ஆம் பிரிவில் தந்தது. அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே, விடுவிப்பு என்பது விடுதலை ஆகாது என்றும் சொல்லிவிட்டது. பத்திரிகைகள் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போடுகின்றன. 'வழக்கிலிருந்து விடுதலை' என்று தலைப்பு வைத்துவிட்டுச் செய்தியில் விடுவிப்பு என்று எழுதுவார்கள். படிப்பவர் நிரபராதி என்று எடுத்துக்கொள்வார். நிரபராதியா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

செஷன்ஸ் வழக்கானால் 227, நடுவர் முன் உள்ள வாரண்டு வழக்கானால் 239 என்று இரண்டு பிரிவுகள் பழைய சட்டத்தில் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 250, 262. முன்னதில் நீதிபதி 'நடத்தப் போதிய காரணம் இல்லை' என்று காண வேண்டும், பின்னதில் குற்றச்சாட்டு 'அடிப்படையற்றது' என்று காண வேண்டும். காரணம் உண்டு என்று கண்டால் குற்றச்சாட்டை வனைவார். ஆமாம், வனைதல்தான். நீதிமன்றத் தமிழில் சொற்கள் பெரும்பாலும் கல்லும் கரடுமாகத்தான் இருக்கும். இந்த ஒரு சொல்லை மட்டும் யாரோ ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் குயவரிடமிருந்து வாங்கி வந்திருக்கிறார். குடமுருட்டி ஆறு பிரிகிற ஊரில் பிறந்தவனுக்கு அது பிடித்துப்போவதில் வியப்பில்லை. வனைந்த பின் மண்ணுக்கு வேறு வடிவம் கிடையாது. குடம் உடையலாம், மறுபடி களிமண் ஆகாது. குற்றச்சாட்டு வனைந்த பிறகும் அப்படித்தான். தண்டனை அல்லது விடுதலை. நடுவில் விடுவிப்பு கிடையாது.

கையில் எடுக்கும் அந்த ஒரு பிடியில் என்ன இருக்கிறது? காவல் துறையின் இறுதி அறிக்கையும் அதோடு வந்த ஆவணங்களும்தான். குற்றம் சாட்டப்பட்டவர் தன்னிடம் உள்ள காகிதத்தை அந்தக் கட்டத்தில் நீட்ட முடியாது என்று 2004 நவம்பரில் தேவேந்திரநாத் பாதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அதற்கு எட்டு வருஷம் முன்பு வந்த வேறொரு தீர்ப்பு நீட்டலாம் என்றிருந்தது. அது செல்லாமல் போயிற்று.

எப்போதும் இப்படி வெறும் காகிதமாக இருக்கவில்லை. எங்கள் ஊரில் சிவசாமி அய்யர் பள்ளியில் படித்தவர்கள் பல பேருக்கு அந்தப் பெயர் பள்ளிக்கூடப் பெயர் மட்டும்தான். பக்கத்துப் பழமார்நேரியில் 1864இல் பிறந்தவர். 1893 முதல் 1907 வரை மெட்ராஸ் லா ஜர்னலின் இணை ஆசிரியர்களில் ஒருவர், பிறகு சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல். அவர் தொழில் செய்த காலத்தில் செஷன்ஸ் வழக்கு நேரே செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகாது. முதலில் நடுவர் ஒரு விசாரணை நடத்துவார், சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி வாக்குமூலம் வாங்குவார், அதன் பிறகுதான் அனுப்புவதா விடுவிப்பதா என்று முடிவு செய்வார். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு அது. அந்த விடுவிப்பில் கொஞ்சம் மனிதக் குரல் இருந்தது. வழக்குகள் இழுக்கின்றன, ஒரே சாட்சி இரண்டு தடவை வந்து அலைகிறார் என்று 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டு, இடத்தை நிரப்ப 227ஆம் பிரிவை வைத்தது. நியாயமான காரணம்தான். ஆனால் அன்றிலிருந்து அள்ளும் கையில் காகிதம் மட்டுமே மிஞ்சியது.

அந்தக் காகிதத்தை எப்படிப் பார்ப்பது என்று உச்ச நீதிமன்றம் தொடர்ந்து சொல்லிவருகிறது. 1977இல் ரமேஷ் சிங் வழக்கில், வலுவான சந்தேகம் இருந்தாலே வனையப் போதும் என்றது. 1978இல் பிரபுல்ல குமார் சாமல் வழக்கில், சலித்துப் பார்க்கலாம், ஆனால் முகாந்திரம் இருக்கிறதா என்பதற்கு மட்டும் என்றது. நீதிபதி வெறும் தபால்காரராக இருந்துவிடவும் கூடாது, அங்கேயே முழு விசாரணையை நடத்திவிடவும் கூடாது. சலிப்பதும் தூற்றுவதும் வேறு வேறு என்று களத்து மேட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி மேலே போவோம். விடுவிப்பு ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது, சீராய்வுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போன்ற சில சிறப்புச் சட்டங்களில்தான் மேல்முறையீடு என்ற பெயரே உண்டு. சீராய்வு குறுகலான வாசல். கீழ் நீதிமன்றம் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதா, பார்க்க வேண்டிய காகிதத்தைப் பார்க்காமல் விட்டதா, எந்த நியாயமான மனிதரும் வந்திருக்க முடியாத முடிவுக்கு வந்ததா என்பவைதான் அங்கே கேள்வி. நானாக இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன் என்பது போதாது. 2012இல் அமித் கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் வரிசையாக எழுதிவைத்தது. இந்தச் சீராய்வுக்குத் தஞ்சாவூர்க்காரர்கள் முன்பெல்லாம் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்த பிறகு பஸ்ஸில் போய்வர முடிகிறது.

இங்கே ஒரு நெருடல். விடுவிக்கிற நீதிபதி ஏன் விடுவிக்கிறேன் என்று காரணம் எழுதியாக வேண்டும், அது சட்டத்தின் கட்டளை. குற்றச்சாட்டு வனைகிற நீதிபதி காரணம் எழுத வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டில் காந்தி பத்ர ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொன்னது. வேலைப்பளுவில் நசுங்கும் நடுவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் நீண்ட ஆணை எழுதினால் நீதிமன்றம் நகராது என்பது அதன் கவலை. நடைமுறைக்கு ஒத்த பேச்சுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஒருவரைப் பத்து வருஷ வாய்தாவுக்கு அனுப்ப ஒரு வரி போதும், வீட்டுக்கு அனுப்பப் பத்துப் பக்கம் எழுத வேண்டும். எழுதியதில்தான் குறை காண முடியும். எழுதாததில் யார் எதைச் சீராய்வது? கைக்கு எது சுலபமோ அதைத்தான் கை செய்யும். விடுவிக்க வேண்டிய சாதாரண வழக்குகள் பல விடுவிக்கப்படாமல் போவதற்கு இந்த எழுத்து வேலை ஒரு காரணம் என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2023 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்க இந்த விஷயம் டீக்கடைப் பேச்சானது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், யாரும் மனுப் போடாமலே, பழைய ஆணைகளைத் தாமாக முன்வந்து சீராய்வுக்கு எடுத்தார். முதலில் அமைச்சர் க. பொன்முடியின் வழக்கு. அது வேலூரில் முழு விசாரணைக்குப் பின் கிடைத்த விடுதலை. அடுத்து வந்தவை விடுவிப்புகள்: அமைச்சர்கள் தங்கம் தென்னரசு, கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம், செப்டம்பரில் முன்னாள் அமைச்சர் பா. வளர்மதி, அப்போதைய அமைச்சர் ஐ. பெரியசாமி. இரண்டு கழகமும் இருந்தன. அவர்கள் குற்றம் செய்தார்களா என்பது என் கேள்வி இல்லை, அந்த ஆணைகளின் கேள்வியும் அதுவாக இருக்கவில்லை.

கட்சி மாறினாலும் கதையின் போக்கு மாறவில்லை. ஓர் ஆட்சியில் முந்தைய ஆட்சியின் அமைச்சர் மேல் வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்குப் பதிவாகும். லஞ்ச ஒழிப்புத் துறை இறுதி அறிக்கை தாக்கல் செய்யும். விடுவிப்பு மனு வந்து கிடப்பில் கிடக்கும். தேர்தல் வரும், அமைச்சர் மறுபடி அமைச்சர் ஆவார். அதே துறை அதே வழக்கில் மேல் விசாரணை என்று ஒன்று நடத்தி, முன்பு கணக்குத் தவறிவிட்டது, இப்போது சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும். நீதிமன்றம் விடுவிக்கும். தென்னரசு, ராமச்சந்திரன் வழக்குகளில் திருவில்லிபுத்தூர் சிறப்பு நீதிமன்றம் 2022 டிசம்பரிலும் 2023 ஜூலையிலும் விடுவித்தது இந்த வழியில்தான். பன்னீர்செல்வத்தின் வழக்கு 2001 முதல் 2006 வரையிலான சொத்துகள் பற்றியது, 2006இல் பதிவானது. அவர் கட்சி ஆட்சிக்கு வந்த பின், 2012 டிசம்பரில் சிவகங்கையில், அரசுத் தரப்பே வழக்கைத் திரும்பப் பெற்றதால் முடிந்தது. குற்றச்சாட்டு வனையும் முன் திரும்பப் பெற்றால் அதன் பெயரும் விடுவிப்புதான்.

கொள்முதல் நிலையத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நெல் விற்பவர் ஒருவர், அள்ளிப் பார்ப்பவர் வேறொருவர். நீதிமன்றத்தில் அந்தக் கைப்பிடியைத் தயார் செய்து நீட்டுபவர் காவல் துறை. சாதாரண வழக்கில் அது பரவாயில்லை. போலீஸ் தன் வழக்கு தேற வேண்டும் என்று நல்ல நெல்லாகத்தான் நீட்டும், பனி உள்ளதை மறைக்கப் பார்க்கும், எதிரித் தரப்பு வக்கீல் கூச்சல் போடுவார். எதிரியே அமைச்சராகிவிட்டால்? நீட்டுபவர் வேண்டுமென்றே பதரை நீட்டுகிறார். எதிரித் தரப்பு வக்கீல் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், அவருக்கு அது நல்லது. நீதிபதியின் உள்ளங்கையில் இருப்பது பதர், அவர் ஊதுகிறார், பறக்கிறது, விடுவிக்கிறார். காகிதத்தின்படி அவர் செய்தது தப்பில்லை என்றுகூட வாதாடலாம். அவர் செய்யாதது ஒன்றுதான். முதலில் தாக்கலான அறிக்கை என்ற அடிக் குவியலுக்குள் கையை விடவில்லை.

இதை மேலே கொண்டுபோக வேண்டியது யார்? அரசு. போகாது. சீராய்வுக்குக் கெடு 90 நாள், அது ஓடி முடியும். பாதிக்கப்பட்டவர் போகலாம் என்றால், சொத்துக் குவிப்பு வழக்கில் பாதிக்கப்பட்டவர் என்று கூண்டுக்கு வர ஒரு முகம் இல்லை. ஆகவே தாமாக முன்வந்து எடுத்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. எந்தக் கீழ் நீதிமன்றத்தின் பதிவேட்டையும் வரவழைத்துப் பார்க்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் பழைய சட்டத்தின் 397, 401 பிரிவுகளில் இருந்தது. பயன்படுத்தத்தானே கொடுத்திருந்தது. தலைமை நீதிபதி அந்த வழக்குகளை அவருக்கு ஒதுக்கினாரா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது. கேட்க வேண்டிய கேள்விதான். எந்த வழக்கை எடுப்பது என்று ஒரு நீதிபதியே தேர்ந்துகொள்வது பழக்கமானால் நாளைக்கு எடுப்பவர் எல்லோரும் இவராக இருக்க மாட்டார்கள்.

பிறகு நடந்தது: 2024 பிப்ரவரி 26 அன்று பெரியசாமியின் விடுவிப்பு ரத்தானது. ஆகஸ்டு 7 அன்று தென்னரசு, ராமச்சந்திரன் விடுவிப்புகள். அக்டோபர் 29 அன்று பன்னீர்செல்வத்தினுடையது. ஒவ்வொருவரும் தில்லிக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் ஒன்றன்பின் ஒன்றாக இடைக்காலத் தடை விதித்தது. பன்னீர்செல்வம் வழக்கில் அது நவம்பரில். 2006இல் பதிவான வழக்குக்கு அப்போது வயது 18. ஓட்டுப் போடும் வயது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று. தொலைபேசி இணைப்பக வழக்கில் மாறன் சகோதரர்களைச் சென்னை சி.பி.ஐ. நீதிமன்றம் 2018 மார்ச்சில் விடுவித்தது. சி.பி.ஐ. சீராய்வுக்குப் போனது. அதே வருஷம் ஜூலையில் உயர் நீதிமன்றம் விடுவிப்பை ரத்து செய்து குற்றச்சாட்டு வனையச் சொன்னது, சில நாளில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாலே மாதம். வழக்குத் தொடுத்தவரும் வழக்கை எதிர்கொண்டவரும் வேறு வேறு கூடாரத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பொன்முடியின் வழக்குக்குத் திரும்பவும் வர வேண்டியிருக்கிறது, அதற்குள் இந்த விஷயத்தின் முழு வரலாறும் இருக்கிறது. 1996 முதல் 2001 வரையிலான ஆட்சிக்காலத்துச் சொத்துகள் பற்றியது. கீழே விடுவித்தார்கள், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், முன்னாள் அமைச்சர் என். சுரேஷ்ராஜனின் வழக்கோடு சேர்த்து, விடுவிப்பை ரத்து செய்தது. சொத்து மனைவி பேரிலோ பெற்றோர் பேரிலோ இருக்கிறது, அவர்கள் வருமான வரி கட்டுகிறார்கள் என்பதாலேயே அது அவர்கள் சொத்துதான் என்று இந்தக் கட்டத்தில் முடிவுகட்ட முடியாது, அது சாட்சி பேசித் தெரிய வேண்டியது என்றது. விசாரணை நடந்தது. 172 சாட்சிகள். 2023 ஜூன் 28 அன்று 226 பக்கத் தீர்ப்பில் விடுதலை. வாதம் முடிந்த நாலு நாளில் அத்தனை பக்கமா என்று உயர் நீதிமன்றம் வியந்ததும் அதனால் எழுந்த சீராய்வும் வேறு கதை. நான் சொல்ல வருவது, 172 பேர் பேசியது பதிவாகியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்போடு சண்டை போடலாம்.

டெல்டாவில் இதற்குப் பெரிய சாட்சி கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25, தீயில் போன 44 உயிர். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் எழுதியது. அரை நூற்றாண்டாக அந்த வரியைத் தமிழ்நாடு மன்னிக்கவில்லை. மன்னிக்காமல் இருக்க முடிகிறது, ஏனென்றால் அந்த வரிக்கு எதிரே பிழைத்தவர்களின் வாக்குமூலம் எழுத்தில் இருக்கிறது. அந்த வழக்கு குற்றச்சாட்டு வனையும் முன்பே, கார் வைத்திருப்பவர்கள் நடந்து வருவார்களா என்ற அதே நியாயத்தில் விடுவிக்கப்பட்டிருந்தால் நம் கையில் என்ன இருந்திருக்கும்? ஒரு காகிதக் கட்டு. அதுவும் குறிப்பிட்ட வருஷம் ஆனதும் அழிக்கப்பட்டிருக்கும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் 15ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவரும் அவரைச் சார்ந்தவரும் ஜாமீன், விடுவிப்பு, தண்டனை என எந்த நடவடிக்கையிலும் தங்கள் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்கிறது. விடுவிப்பு என்ற சொல்லை அந்தப் பட்டியலில் சேர்த்தவர் யாரென்று தெரியாது. விவரம் தெரிந்தவர்.

இவ்வளவு சொன்னதும், விடுவிப்பை ரத்து செய்வதே நீதி என்று நான் சொல்வதாக யாராவது எடுத்துக்கொண்டால் அவர்களை எங்கள் திண்ணைக்குக் கூட்டிவர வேண்டும். 11ஆம் எதிரியின் விடுவிப்புக்கு எதிராக அரசுத் தரப்பு சீராய்வுக்குப் போனது. அமைச்சருக்கு எதிராகப் போகாத சீராய்வு, குறுவை கருகியவருக்கு எதிராகப் போனது. மேல் நீதிமன்றத்தில் அது மூன்று வருஷம் கிடந்தது. சட்டப்படி அவருக்கு நோட்டீஸ் வந்தது. விடுவிக்கப்பட்டவரைக் கேட்காமல் அந்த ஆணையைக் கலைக்க முடியாது, நல்ல ஏற்பாடு. நோட்டீஸ் வந்த அன்று அவர் நாற்று பறித்துக்கொண்டிருந்தார். வக்கீல் பீஸ், பஸ் செலவு, போன நாளெல்லாம் கூலி போனது. கடைசியில் விடுவிப்பு ரத்து. பட்டியலில் பெயர் இருக்கிறதே, எதற்கு இருக்கிறது என்பதைச் சாட்சி சொல்லட்டும் என்றார்கள். சாட்சி வந்தார். இவரைப் பார்த்தார். ஞாபகமில்லை என்றார். எல்லோருக்கும் விடுதலை. முதல் வாய்தாவிலிருந்து ஒன்பது வருஷம்.

அன்று சாயங்காலம் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார். "விடுவிப்பும் வாங்கிட்டேன், விடுதலையும் வாங்கிட்டேன். ரெண்டும் கிடைச்ச ஆளு இந்த ஊர்ல நான் ஒருத்தன்தாண்ணே."

அப்பா சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அந்தச் சீராய்வு ஆணை எத்தனை பக்கம் என்று எனக்கு நினைவில்லை. அதன் கடைசி வரி மட்டும் நினைவிருக்கிறது. எல்லாச் சீராய்வு ஆணையிலும் வருகிற வரிதான் அது: இங்கே சொன்ன எதுவும் விசாரணையைப் பாதிக்கக் கூடாது. எண்பது பக்கம் கீழ் நீதிமன்றத்தைக் கண்டித்துவிட்டு இந்த ஒரு வரியை எழுதினால், விசாரணை நடத்தப்போகும் நீதிபதி எதைப் படிப்பார்? விடுவிப்பை ரத்து செய்கிற ஆணை நாலு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எந்தக் காகிதத்தைப் பார்க்காமல் விட்டீர்கள், அதைப் பார்த்திருந்தால் என்ன கேள்வி எழும், அவ்வளவுதான். கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விடுங்கள் தம்பி என்பதற்கு எண்பது பக்கம் எதற்கு? அதே போல, மூன்று வருஷம் கிடக்கும் சீராய்வு, எந்தப் பக்கம் தீர்ந்தாலும், தண்டனைதான். உச்ச நீதிமன்றத் தடைக்கும் இது பொருந்தும்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. கேஸ் கட்டு கட்டும் சிவப்பு நாடா ஒரு சுருள் அவர் பெட்டியில் இன்னும் இருக்கிறது. திண்ணையில் இப்போதும் யாராவது குற்றப்பத்திரிகை நகலோடு வந்து, நான் வக்கீல் இல்லை என்று சொன்னாலும் கேட்காமல் உட்காருகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கும் சொல்லிவிடுகிறேன். பழைய சட்டத்தில் விடுவிப்பு மனுவுக்கு நாள் கணக்கு எழுதியிருக்கவில்லை. புதிய சட்டத்தில் இருக்கிறது. நடுவர் முன் உள்ள வாரண்டு வழக்கானால் நகல் கைக்கு வந்த தேதியிலிருந்து 60 நாள், செஷன்ஸ் வழக்கானால் அங்கே அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 60 நாள். நகல் வாங்கிய அன்றே காலண்டரில் குறித்து வையுங்கள்.